இயற்கை ஹோர்மோனா, செயற்கை ஹோர்மோனா? பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா?

நாற்பத்தைந்து வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடையில் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுகின்றது. மருத்துவத்தில் இதனை மெனோபோஸ் என்பர். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய இரு ஹோர்மோன்களையும் சூலகங்கள் சுரப்பது குறைந்து போவதே இதற்குக் காரணமாகும். சிலருக்கு இக்காலம் பெரிய தொந்தரவு எதுவுமின்றிக் கடந்து போய்விடும். வேறு சிலருக்கோ முகமும் கழுத்தும் நெஞ்சும் திடீரெனச் சுடும். இரவில் உடுப்பு நனையும்படி வியர்க்கும். நித்திரை குழம்பும். பெண்ணுறுப்பில் வறட்சியும் எரிவும் ஏற்படும். காலப்போக்கில் எலும்புகளும் வலுவிழக்கும்.

"வயது போனால் இப்படித்தான்" என்று கூறி வீட்டிலுள்ளவர்கள் இதனை ஒதுக்கிவிடுவதுண்டு. பெண்களும் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால், மாதக்கணக்கில் நித்திரையின்றி வேலைக்கும் அடுப்படிக்கும் இடையில் ஓடும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய விடயமல்ல.

குறைந்துபோன ஹோர்மோனை மருந்தாகக் கொடுத்து இத்தொந்தரவுகளைத் தணிப்பதே ஹோர்மோன் சிகிச்சையாகும். இச்சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கருத்து முன்வைக்கப்படும். "செயற்கை ஹோர்மோன் புற்றுநோயைக் கொண்டுவரும். இயற்கை ஹோர்மோன் என்றால் பயமில்லை" என்பதே அது. விளம்பரங்களும் இதனையே சொல்கின்றன. இது எந்தளவுக்கு உண்மை? இந்தக் கேள்வி பெரும் விவாதமாக வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு நடந்தவற்றை அறிந்துகொள்வது நமக்கும் பயன்தரும்.

குதிரையும் கிழங்கும்

அமெரிக்காவில் நீண்டகாலமாக அதிகம் பாவிக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மருந்தின் பெயர் பிரெமரின். 1942 ஆம் ஆண்டு அங்கு விற்பனைக்கு வந்த இக்குளிசை, சினைப்பட்ட பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதாவது, எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்று பார்த்தால் இது இயற்கையான பொருள்தான். ஆனால், குதிரையின் உடலுக்கே உரிய பல ஈஸ்ட்ரோஜன்களும் இதில் கலந்துள்ளன. அவை பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரப்பவையல்ல. அதனால், இயற்கை ஹோர்மோனை ஆதரிப்போர் இம்மருந்தையே கடுமையாக எதிர்த்தனர்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். "இயற்கை ஹோர்மோன்" என்ற பெயரில் விற்கப்படுபவை எஸ்ட்ரடயோல், புரொஜெஸ்டரோன் போன்றவை. இவற்றின் மூலக்கூறு, பெண்ணின் சூலகத்தில் சுரப்பதோடு அச்சொட்டாக ஒத்தது. இதனாலேயே இவை "பயோஐடென்டிகல்", அதாவது உடலோடு ஒத்த ஹோர்மோன்கள் எனப்படுகின்றன. ஆனால், இவை எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளை இரசாயன முறையில் பல படிகளாக மாற்றி, தொழிற்சாலையிலேயே இவை தயாரிக்கப்படுகின்றன.

இதற்கு வழிகாட்டியவர் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர். மெக்சிகோக் காட்டில் வளரும் ஒரு வள்ளிக்கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் நிறைந்திருப்பதை அவர் அறிந்தார். அதிலிருந்து புரொஜெஸ்டரோனைத் தயாரித்து, 1944 இல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். நாம் கூழாகவும் களியாகவும் ஆக்கி உண்ணும் இராசவள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்ததே அக்கிழங்கு.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே சின்டெக்ஸ் ஆய்வுகூடத்தில், மெக்சிகோக் கிழங்கிலிருந்து பெறப்பட்ட மூலப்பொருளைக் கொண்டே, 1951 இல் நொரெதிஸ்டெரோன் என்ற செயற்கை ஹோர்மோனும் உருவாக்கப்பட்டது. கோயில் திருவிழா, கலியாண வீடு என்று வரும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட நமது பெண்கள் பாவிக்கும் குளிசையில் இருப்பது இதுதான். ஆகவே, "இயற்கை" என்று சொல்லப்படுவதும் "செயற்கை" என்று சொல்லப்படுவதும் ஒரே கிழங்கிலிருந்து வந்திருக்கின்றன. மருந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, அது நம்மை என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

2002 இல் வந்த அதிர்ச்சி

1966 இல் ரொபர்ட் வில்சன் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய ஒரு நூல், மாதவிடாய் நிற்பதை ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்தது. ஈஸ்ட்ரோஜன் குளிசை பெண்ணை என்றும் இளமையாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கை பரவியது. 1975 இல் முதலாவது அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துவந்த பெண்களிடையே கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் அதிகம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டின. இதனைத் தடுப்பதற்காக, கருப்பை உள்ள பெண்களுக்கு புரொஜெஸ்டரோனைப் போன்று செயற்படும் புரொஜெஸ்டின் என்னும் செயற்கை ஹோர்மோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அதன் பின்னர் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகம் 1991 இல் "பெண்கள் சுகாதார முன்னெடுப்பு" என்ற மாபெரும் ஆய்வை ஆரம்பித்தது. அதன் ஒரு பகுதியில், கருப்பை உள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் 50 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சீட்டுக் குலுக்குவது போல ஒரு பாதியினருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ரொக்ஸிபுரொஜெஸ்டரோன் என்ற புரொஜெஸ்டினும் கொடுக்கப்பட்டன. மறு பாதியினருக்கு மருந்தற்ற வெறும் குளிசை கொடுக்கப்பட்டது. 2002 ஜூலையில் இந்த ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மருந்தால் வரும் நன்மையிலும் தீமை அதிகம் என்று கண்டதே காரணம்.

மார்பகப் புற்றுநோய் 26 வீதம் அதிகரித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. உலகெங்கும் பெண்கள் பீதியடைந்தனர். இந்த 26 வீதம் என்பதன் பொருளை அன்று பலர் விளக்கிச் சொல்லவில்லை. வெறும் குளிசை எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்த 10,000 பெண்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதலாக வந்தது 8 பேருக்கு. அவ்வாறே பாரிசவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய் 7 பேருக்கும் கூடுதலாக ஏற்பட்டது. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைவாக ஏற்பட்டது. அந்த எட்டுப் பேருள் ஒருவராக இருப்பவருக்கு இது சிறிய எண்ணிக்கையல்ல. ஆயினும், மருந்து எடுப்போரில் நான்கிலொருவருக்குப் புற்றுநோய் வரும் என்று பலர் தவறாக விளங்கிக்கொண்டதற்கும் உண்மைக்கும் வெகுதூரம்.

இன்னொரு பகுதியில் கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்கள் இருந்தனர். இவர்களுள் மருந்து பெற்றவர்களுக்கு அதே குதிரை ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கப்பட்டது. பாரிசவாதம் கூடியதால் இதுவும் 2004 இல் நிறுத்தப்பட்டது. ஆனால், மார்பகப் புற்றுநோய் இவர்களிடம் கூடவில்லை. நீண்டகாலம் தொடர்ந்து அவதானித்தபோது, வெறும் குளிசை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டது. 2020 இல் வெளியான முடிவும் இதனை உறுதிசெய்தது. எதிர்ப்பாளர்கள் எல்லோரும் குதிரை ஈஸ்ட்ரோஜனைக் குற்றவாளியாகக் காட்டிக்கொண்டிருக்க, அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட புரொஜெஸ்டின் மீதே சந்தேகம் திரும்பியது.

மெட்ரொக்ஸிபுரொஜெஸ்டரோன் என்பது குடும்பத்திட்ட ஊசியிலும் உள்ள பொருளாகும். ஆனால், அதன் அளவும் நோக்கமும் பாவிப்போரின் வயதும் வேறு. இங்கு சொல்லப்பட்டதைக் கொண்டு எவரும் அந்த ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

பயத்தில் வளர்ந்த வியாபாரம்

2002 இன் பின்னர் அமெரிக்கப் பெண்களில் பெருந்தொகையானோர் ஹோர்மோன் குளிசையைக் கைவிட்டனர். 2003 இல் அங்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் ஏறத்தாழ 7 வீதத்தால் குறைந்தது. இதற்கு அதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதினர். ஆனால், குளிசையை விட்ட பெண்களிடம் சூடும் வியர்வையும் நித்திரையின்மையும் திரும்பி வந்தன. அவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் "இயற்கை" என்ற சொல் பெரிய வியாபாரமாக உருவெடுத்தது.

அமெரிக்காவில் சில பாமசிகள், வைத்தியரின் சிட்டைக்கேற்ப மருந்தைத் தாமே கலந்து கொடுக்கும். உமிழ்நீரைச் சோதித்து, "உங்கள் உடலுக்கென்றே அளந்து தயாரித்தது" என்று கூறி, ஹோர்மோன் கிறீம்களையும் தோலின் கீழ் வைக்கும் வில்லைகளையும் அவை விற்றன. சுசான் சோமர்ஸ் என்ற நடிகை 2004 இல் எழுதிய நூலும், 2009 இல் ஒப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றியமையும் இதற்குப் பெரும் விளம்பரமாயின.

பெரிய மருந்து நிறுவனங்கள் மட்டும் யோக்கியமானவை என்று நினைத்துவிடக் கூடாது. பிரெமரினைத் தயாரித்த வையத் நிறுவனம், ஹோர்மோன் சிகிச்சைக்குச் சாதகமான கட்டுரைகளைக் கூலிக்கு எழுதுவித்து, வைத்தியர்களின் பெயரில் மருத்துவ சஞ்சிகைகளில் வெளியிடச் செய்தது. 1998 முதல் 2005 வரை வெளியான இத்தகைய 26 கட்டுரைகள் பற்றிய விபரம் 2009 இல் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளிவந்தது. பாமசிகள் கலந்து விற்கும் ஹோர்மோன்களைத் தடுக்கும்படி 2005 இல் அரசிடம் முறையிட்டதும் அதே நிறுவனம்தான். அந்த முறைப்பாட்டில் அதன் விற்பனை நலனும் இருந்தது. பாமசிகளின் கூற்றுகளில் ஆதாரக் குறைவும் இருந்தது. இரண்டும் உண்மை. இடையில் அகப்பட்டவர்கள் பெண்களே.

ஒரு விடயம் இங்கு மிக முக்கியமானது. அரசு அங்கீகரித்த ஹோர்மோன் மருந்துகள் எல்லாவற்றிலும், அவை உடலோடு ஒத்தவையாயினும் இல்லாவிடினும், 2003 முதல் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. பாமசியில் கலந்து கொடுக்கப்படும் கிறீமில், அதே எஸ்ட்ரடயோல் இருந்தாலும், எச்சரிக்கைத் துண்டு எதுவும் வைக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஒன்றில் எச்சரிக்கையும் மற்றதில் வெறும் பூப்படமும் இருப்பதைப் பார்த்த பெண், இரண்டாவதே பாதுகாப்பானது என்று நம்பினாள். ஆபத்து இல்லாததால் அல்ல, அச்சிடும் கட்டாயம் இல்லாததாலேயே அதில் எச்சரிக்கை இருக்கவில்லை.

அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் நிபுணர் குழு 2020 இல் இதனை விரிவாக ஆராய்ந்தது. கலந்து தயாரிக்கப்படும் இந்த ஹோர்மோன்கள் பாதுகாப்பானவை என்பதற்கோ பயனுள்ளவை என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்றும், அங்கீகரிக்கப்பட்ட மருந்திலுள்ள ஒரு சேர்மானம் ஒவ்வாமை தருவது போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மட்டும் இவற்றை மட்டுப்படுத்த வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. உமிழ்நீர்ச் சோதனையைக் கொண்டு அளவைத் தீர்மானிப்பதும் நம்பகமானதல்ல.

அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா?

இருக்கின்றது. உடலோடு ஒத்த ஹோர்மோன்களை ஆதரித்தவர்கள் சொன்னவற்றில் உண்மையும் உண்டு. பிரான்சில் 80,000 இற்கு மேற்பட்ட பெண்களை அவதானித்த ஓர் ஆய்வு 2008 இல் முடிவுகளை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜனோடு உடலோடு ஒத்த புரொஜெஸ்டரோனை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை. செயற்கைப் புரொஜெஸ்டின்கள் பலவற்றை எடுத்தவர்களிடம் அதிகரித்தது. ஆனால், டைட்ரொஜெஸ்டரோன் என்ற செயற்கை ஹோர்மோனிலும் தெளிவான அதிகரிப்புக் காணப்படவில்லை. எனவே, செயற்கை எல்லாம் ஒன்றல்ல. அத்துடன் இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, அவதானிப்பு ஆய்வே. ஆகவே, இதனை நல்ல அறிகுறியாகக் கொள்ளலாமே தவிர, முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

மருந்தை எவ்வழியாக எடுக்கின்றோம் என்பதும் முக்கியம். எஸ்ட்ரடயோலைக் குளிசையாக விழுங்கினால் அது முதலில் ஈரலுக்குச் செல்கின்றது. இதனால் இரத்தம் உறையும் தன்மை கூடி, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி ஏற்படும் அபாயம் உயர்கின்றது. அதே எஸ்ட்ரடயோலைத் தோலில் ஒட்டும் பட்டியாகவோ பூசும் ஜெல்லாகவோ வழமையான அளவில் எடுத்தவர்களிடம் அந்த அதிகரிப்பு ஆய்வுகளில் காணப்படவில்லை. ஒரே மூலக்கூறு, ஒரே "இயற்கை", ஆனால் விளைவு வேறு.

வயதும் அவ்வாறே. அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்டோரின் சராசரி வயது 63. அவர்களுள் பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. 60 வயதுக்குக் குறைந்த, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடங்களுக்குள் இருக்கும், வேறு தடையற்ற பெண்ணுக்குத் தொந்தரவு கடுமையாயின், சிகிச்சையின் நன்மை தீமையைவிட அதிகம் என்பதே இன்று பெரும்பாலான நிபுணர்களின் நிலைப்பாடாகும். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இதய நோய், மார்பகப் புற்றுநோய் முதலியன பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கையை இம்மருந்துகளிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொண்ட மருந்துகளிலுள்ள கருப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை நீக்கப்போவதாக அது கூறவில்லை. அமெரிக்க ஆய்வில் பங்குபற்றியோரில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையினப் பெண்கள் என்பதையும், அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

மூலிகைகளும் கிழங்குக் கிறீமும்

"வள்ளிக்கிழங்குக் கிறீம் பூசினால் புரொஜெஸ்டரோன் கிடைக்கும்" என்பது பிழையான நம்பிக்கையாகும். டயோஸ்ஜெனினைப் புரொஜெஸ்டரோனாக மாற்றும் ஆற்றல் நமது உடலுக்கு இல்லை. அந்த மாற்றத்தை ஆய்வுகூடத்தில்தான் செய்ய முடியும். இராசவள்ளிக்கூழ் நல்ல உணவு, அவ்வளவே. சோயா உணவுகளால் சூடு பரவுவது சிலருக்குச் சற்றுக் குறையலாம். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பிளக் கோஹோஷ் என்ற அமெரிக்க மூலிகையால் அரிதாக ஈரல் பாதிக்கப்படலாம் என்று பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2006 இல் எச்சரித்தனர்.

நமது நாட்டு வைத்தியத்தில் சாத்தாவாரி போன்ற மூலிகைகள் பெண்களுக்கெனக் கொடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றை இகழ்வது நமது நோக்கமல்ல. காஞ்சொறி இலையும் இயற்கையானதுதான் என்பதை மறக்கக் கூடாது, அவ்வளவே. குளிசையிடம் கேட்கும் கேள்விகளை மூலிகையிடமும் கேட்க வேண்டும். வைத்தியரிடம் போகும்போது, எடுத்துவரும் மூலிகைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

"இது இயற்கையா?" என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. இம்மருந்தில் உள்ள ஹோர்மோனின் பெயர் என்ன? எவ்வளவு?

2. குளிசையா, தோலில் ஒட்டுவதா, பெண்ணுறுப்பில் மட்டும் பூசுவதா? வறட்சி மட்டுமே பிரச்சினையாயின், அவ்விடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் போதுமானது. அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கின்றது.

3. எனக்குக் கருப்பை இருப்பதால், ஈஸ்ட்ரோஜனோடு வேறு என்ன எடுக்க வேண்டும்? புரொஜெஸ்டரோன் கிறீமைத் தோலில் பூசுவது கருப்பைக்கு நம்பகமான பாதுகாப்புத் தராது.

4. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம், இரத்தக்கட்டி, ஈரல் நோய் ஆகியன எனக்கு இருந்திருப்பின் என்ன செய்வது? இவர்களுக்கு ஹோர்மோன் பொதுவாக உகந்ததல்ல. ஹோர்மோன் அல்லாத வேறு மருந்துகள் உள்ளன.

5. எவ்வளவு காலத்துக்கு? மீண்டும் எப்போது பரிசோதனைக்கு வர வேண்டும்?

நாற்பது வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றவர்களும், இளவயதிலேயே இரு சூலகங்களும் அகற்றப்பட்டவர்களும் கட்டாயம் வைத்திய ஆலோசனை பெற வேண்டும். அவர்களின் எலும்புக்கும் இதயத்துக்கும் ஹோர்மோன் தேவைப்படலாம். பயத்தினால் அதனை மறுப்பதும் தீங்கே. மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் சிறிதளவேனும் இரத்தம் கண்டால், எந்த மருந்து எடுப்பவராயினும் எடுக்காதவராயினும் உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

நமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடத்தப்பட்டு வருகின்றன. மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியன அங்கு பார்க்கப்படுகின்றன. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் கிளினிக் நடைபெறும் நாளைச் சொல்வார். ஹோர்மோன் எடுக்க நினைப்பவர் முதலில் இப்பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. எடுக்க விரும்பாதவருக்கும் இவை தேவையானவையே.

தொந்தரவைப் பொறுத்துக்கொள்வதா, மருந்தெடுப்பதா என்பதை ஒவ்வொரு பெண்ணும் தன் உடல்நிலையை அறிந்து தானே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் போத்தலில் ஒட்டியிருக்கும் ஒரு சொல்லிடம் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் ஒரு துண்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தாயையோ அக்காவையோ கூட்டிச் செல்பவராயின், அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள்.